கணக்குப் புத்தகம் யார் கையில்?

கல்லூரி திறக்கிற மாதத்தில், விருதுநகர் ஜில்லாவில் ஏதாவது ஒரு கிராமத்து விலக்கில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று வரும். சற்றுப் பொறுத்துக் கல்லூரிப் பக்கம் போகிற பஸ் ஒன்று வரும். இரண்டிலும் ஏறுகிறவர்கள் ஒரே வீட்டு ஜனங்கள். தாய் வேனில் ஏறுகிறாள். மகள் பஸ்ஸில் ஏறுகிறாள்.

இந்த நிலை சும்மா வந்துவிடவில்லை. இந்தத் தாயின் தலைமுறையில், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டை அடுக்கிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்து வேலை வாங்கிய முதலாளி, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் அதன் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு பிறந்ததே சிவகாசிக் குழந்தைகளைப் பற்றிய வழக்கில்தான். சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. இப்படி ஒவ்வொரு படியாக ஏறித்தான் நம் வீட்டுப் பெண் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறாள்.

வாசலைத் தாண்டியதும் அவளுக்கு முன்னால் ஒரு சுவர் நிற்கிறது. அந்தச் சுவருக்குப் பெயர் கணக்கு.

பி.காம். சேர்ந்தாலும், பி.பி.ஏ. சேர்ந்தாலும், பி.சி.ஏ. சேர்ந்தாலும் ஒரு கணக்குப் பாடம் கூடவே வருகிறது. வணிகக் கணிதம் என்று ஒரு இடத்தில் பெயர். துணைப்பாடம் என்று இன்னொரு இடத்தில். வெளிநாடுகளில் இதற்கு முடிவுறு கணிதம் என்று பெயர். முதல் பரீட்சையில் இந்தப் பாடத்தில் தவறியதும், "கணக்கு நமக்கு வராது" என்று பிள்ளை சொல்கிறது. "வராததை ஏன் கட்டி அழ வேண்டும்? வேனில் ஏறு" என்று வீடு சொல்கிறது. பாக்கி விழுந்த அந்த ஒரு பரீட்சையோடு படிப்பு நின்றுபோன வீடுகள் நம்மிடையே இல்லையா?

தோழர்களே, இந்தப் பாடத்தை நாம் விட்டுவிடக் கூடாது. அது பட்டம் வாங்கித் தரும் என்பது சின்ன விஷயம். நம்மை வைத்து, நமக்குத் தெரியாமல், தினமும் போடப்படுகிற கணக்குகள் அத்தனையும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன என்பதுதான் பெரிய விஷயம்.

முடிவுறு கணிதம் என்பது என்ன?

பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஓடும் நீரையும், சுற்றும் கிரகத்தையும், இடைவிடாது மாறிக்கொண்டே இருப்பவற்றையும் அளக்க ஒரு கணிதம் உண்டு. அது வேறு. தலை எண்ணுவது, பெட்டி எண்ணுவது, நாள் எண்ணுவது, இருக்கிற வழிகள் எத்தனை என்று எண்ணுவது, அவற்றில் எது மேலானது என்று தேர்ந்தெடுப்பது, இவற்றுக்கான கணிதம்தான் முடிவுறு கணிதம். எண்ணப்படும் பொருளுக்கு ஒரு முடிவு உண்டு. அதனால் அந்தப் பெயர்.

இந்தப் பாடம் கல்லூரிக்கு வந்த கதை பழையதல்ல. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, ஸ்னெல், தாம்ப்ஸன் என்ற மூன்று ஆசிரியர்கள் 1957-ல் இதற்கென்று ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பௌதிகமும் இன்ஜினீயரிங்கும் படிக்காத மாணவனுக்கும், ஜனங்களைப் பற்றிப் படிக்கிற மாணவனுக்கும், பயன்படும் கணக்கைச் சொல்லித் தர வேண்டும் என்பது அவர்கள் யோசனை. கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு, அணிகள், நேரியல் திட்டமிடல் என்று பாடம் அமைந்தது. இன்று நமது பிளஸ் ஒன், பிளஸ் டூ வணிகக் கணிதப் புத்தகத்தைப் புரட்டினால் இவற்றில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. கூடவே வட்டி, தவணை பற்றிய நிதியியல் கணிதமும் இருக்கிறது.

இவற்றில் மூன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: தவணை, நிகழ்தகவு, திட்டமிடல். மூன்றும் நம் வாழ்க்கையை எப்படித் தொடுகின்றன என்று பார்ப்போம்.

பதினைந்தா, நூற்றிருபதா?

தண்டல் கடன் என்னவென்று எந்தத் தொழிலாளிக்கும் விளக்கத் தேவையில்லை. 10,000 ரூபாய் என்று பெயர். கையில் கொடுப்பது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானே பிடித்தேன், இது ஒரு வட்டியா?" என்று கடன் கொடுத்தவர் கேட்கிறார். கேட்டதும் நமக்கும் அது நியாயம் போலப் படுகிறது.

தவணைப் பாடம் என்ன சொல்கிறது? அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் நம்மிடம் இருக்கவில்லை. மறுநாளே நூறு ரூபாய் திரும்பிப் போகத் தொடங்கிவிட்டது. ஐம்பதாவது நாளில் 5,000 ரூபாய் போய்விட்டது. நாள்தோறும் எவ்வளவு அசல் நம்மிடம் நின்றது என்று கூட்டிச் சராசரி பார்த்தால், ஏறத்தாழ 4,500 ரூபாய்தான் வரும். அந்த 4,500 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 1,500 ரூபாய் வட்டி. அதாவது நூறு நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு. வருஷத்துக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு நூற்றிருபது.

பதினைந்து என்று சொன்னது நூற்றிருபதாக நிற்கிறது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. கணக்கின் பாதியை மட்டும் சொன்னார். மீதிப் பாதி கல்லூரிப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டியைத் தடுக்கச் சட்டம் வந்தது. மீட்டர் வட்டியும் தண்டலும்கூட அதற்குள் அடங்கும். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தான் கட்டுகிற வட்டி எவ்வளவு என்று கணக்கிடத் தெரியாதவன் அந்தச் சட்டத்தை எப்படிக் கையில் எடுப்பான்? "அதிக வட்டி வாங்குகிறார்" என்று அழுவது வேறு. "நூற்றுக்கு நூற்றிருபது வாங்குகிறார், இதோ கணக்கு" என்று காகிதத்தை நீட்டுவது வேறு.

அச்சங்குளத்துக் கணக்கு

2021 பிப்ரவரி 12-ந் தேதியை இந்த வட்டாரம் மறக்காது. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. மாண்டவர்கள் இருபதுக்குக் குறையாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அந்த வழக்கை எடுத்து விசாரித்தது. அதற்கு முன் 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டோர் கருகினார்கள். இடையிலும் பின்னாலும் நடந்த சிறு விபத்துகளை யார் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்? செத்தவர்களின் வீடுகள் மட்டும்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு. "என்றைக்கோ ஒரு நாள் நடப்பதுதானே! எத்தனை ஆயிரம் நாள் ஒன்றும் நடக்கவில்லை! விதி!" என்கிறார்கள். நிகழ்தகவு என்ற பாடம் இந்த விதியை விசாரிக்கிற பாடம்.

இதன் பிறப்பே ஒரு வேடிக்கை. 1654-ல் பிரான்ஸில் பாஸ்கல், ஃபெர்மா என்ற இரு கணித மேதைகள் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்ற ஆட்டத்தில் யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது கேள்வி. அதிலிருந்து வளர்ந்த சாஸ்திரத்தை வைத்துத்தான் இன்று இன்ஷூரன்ஸ் கம்பெனி பிரீமியம் நிர்ணயிக்கிறது. ஆலைக்கும் கட்டடத்துக்கும் சரக்குக்கும் ஆபத்து எவ்வளவு என்று அவர்கள் எண்ணில் பார்க்கிறார்கள். அதே ஆபத்தைத் தொழிலாளி மட்டும் தலையெழுத்தில் பார்க்க வேண்டுமாம்!

நாமும் எண்ணில் பார்ப்போம். கணக்கைக் காட்டுவதற்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஆலையின் உண்மை விகிதமும் அல்ல. ஒரு அறையில் ஒரு நாளில் விபத்து நேரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் அற்பமாகத் தெரிகிறது. பத்தாயிரத்தில் 9,999 பங்கு பத்திரம் அல்லவா?

ஆனால் தொழிலாளி ஒரு நாள் மட்டும் வேலைக்குப் போகவில்லை. இன்றும் தப்ப வேண்டும், நாளையும் தப்ப வேண்டும், மறுநாளும் தப்ப வேண்டும். அப்படியானால் 9,999/10,000 என்பதை அதே எண்ணால் நாள்தோறும் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். வருஷம் 300 நாள் வீதம் முப்பது வருஷம் உழைத்தால் 9,000 நாள். அத்தனை நாளும் அந்த அறை தப்பியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 41-தான். விபத்தைக் காணும் வாய்ப்பு 59. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அற்ப ஆபத்து, ஒரு உழைப்பாளியின் ஆயுளில் பாதிக்கு மேலாக வளர்ந்து நிற்கிறது.

இன்னும் ஒரு அடி போவோம். ஐம்பது அறை உள்ள ஆலை. ஒரே ஒரு வருஷம். ஐம்பதை முந்நூறால் பெருக்கினால் 15,000 அறை-நாள். அந்த வருஷத்தில் எங்கேனும் ஒரு அறையாவது வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 78. "என்றைக்கோ ஒரு நாள்" என்ற பேச்சு எங்கே போயிற்று?

இங்கேதான் பாடத்தில் உள்ள ஒரு முக்கியமான சொல்லுக்கு அர்த்தம் புரிகிறது. சாரா நிகழ்ச்சிகள் என்று புத்தகத்தில் வருகிறது. ஒன்று நடப்பது மற்றொன்று நடப்பதைத் தூண்டாது என்றால் அவை சாரா நிகழ்ச்சிகள். பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும் என்று வெடிபொருள் விதி சொல்கிறதே, அது எதற்கு? முதல் அறை வெடித்தால் இரண்டாவது அறை வெடிக்காமல் இருப்பதற்கு. அதாவது விபத்துகளைச் சாரா நிகழ்ச்சிகளாக வைப்பதற்கு. அந்த இடைவெளியில் மரத்தடியில் உட்கார்த்தி வேலை வாங்கினால், மருந்தைக் காயப்போட்டால், சரக்கை அடுக்கினால், அந்தக் கணமே அவை சார்புள்ள நிகழ்ச்சிகளாகிவிடுகின்றன. ஒரு பொறி ஒரு அறையோடு நிற்காது.

பெருக்கிப் பாருங்கள். பீஸ் ரேட்டுக்காகக் கை வேகமாக ஓடுகிறது, உராய்வு கூடுகிறது, ஆபத்து இரண்டு மடங்கு. உரிமத்தில் உள்ள அளவைப்போல் இரட்டிப்பு ஆள் அறையில். வெடித்தால் அடிபடுகிறவர் இரண்டு மடங்கு. இடைவெளி இல்லாததால் ஒரு அறை போக வேண்டிய இடத்தில் மூன்று அறை போகிறது, மூன்று மடங்கு. இரண்டை இரண்டால் பெருக்கி மூன்றால் பெருக்கினால் பன்னிரண்டு. ஒவ்வொரு மீறலையும் தனித்தனியே கேட்டால், "கொஞ்சம் கூடக் குறைய இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிடுவார்கள். சேர்த்துப் பெருக்கினால் சாவு பன்னிரண்டு மடங்கு. உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் சேருவதை நம் ஜனங்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

மீறல்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. இந்த ஒரு வாக்கியத்தைக் கணக்கோடு சொல்லத் தெரிந்த நூறு பெண்கள் இந்த வட்டாரத்து ஆலைகளில் இருந்தால், இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் இடைவெளி காட்டுகிற வித்தை எத்தனை நாளைக்குச் செல்லும்?

மில்லில் ஒரு மணி நேரத்தின் விலை

மில் தொழிலாளிக்கு இந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? நேரியல் திட்டமிடல் என்ற பாடம் இருக்கிறது.

இதைக் கண்டவரின் வரலாற்றை அறிவது நல்லது. அன்றைய சோவியத் நாட்டில் லெனின்கிராடில் காண்டரோவிச் என்ற இளம் கணித ஆசிரியர் இருந்தார். பிளைவுட் தொழில்காரர்கள் அவரிடம் ஒரு பிரச்னையைக் கொண்டுவந்தார்கள். பலவகை மரம், பலவகை இயந்திரம். எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் ஓட்டினால் உற்பத்தி அதிகமாகும்? அதற்கு வழி கண்டு 1939-ல் அவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அங்கேயும் அதிகாரிகள் அதைப் பல வருஷம் சீந்தவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் டான்ட்ஸிக் என்பவர் 1947-ல் விமானப் படைக்காகத் தனியே ஒரு முறை கண்டார். அதுதான் உலகெங்கும் பரவியது. காண்டரோவிச்சுக்கு 1965-ல் லெனின் பரிசும், 1975-ல் நோபல் பரிசும் கிடைத்தன.

இனி நம் மில்லுக்கு வருவோம். எண்கள் கணக்குக்காகச் சொல்வது. ஒரு மில் 40-ம் நம்பர் நூலும் 60-ம் நம்பர் நூலும் நூற்கிறது. ஒரு சிப்பம் எந்த நூலானாலும் இயந்திரத்துக்கு ஒரு மணி. ஆள் வேலை மட்டும் 40-க்கு ஒரு மணி, 60-க்கு இரண்டு மணி. கையில் இருப்பது 100 இயந்திர மணி, 150 ஆள் மணி. பஞ்சு, மின்சாரம் எல்லாம் போக, கூலியைக் கழிப்பதற்கு முன், 40-ம் நம்பர் சிப்பத்துக்கு 300 ரூபாயும், 60-ம் நம்பர் சிப்பத்துக்கு 500 ரூபாயும் மிஞ்சுகிறது.

வெறும் 40-ம் நம்பரே ஓட்டினால் 100 சிப்பம், 30,000 ரூபாய். வெறும் 60-ம் நம்பர் என்றால் ஆள் மணி இடம் கொடுப்பது 75 சிப்பத்துக்கு, 37,500 ரூபாய். இரண்டிலும் ஐம்பது ஐம்பது ஓட்டினால் 40,000 ரூபாய். அதுதான் உச்சம். மானேஜர் அறையில் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு இதே கணக்குத்தான். எண்கள் மட்டும் கூடுதல்.

இப்போது ஒரு கேள்வி. ஆள் மணி 150 என்பது 151 ஆனால்? 60-ம் நம்பர் 51, 40-ம் நம்பர் 49 ஓட்டலாம். 25,500-ம் 14,700-ம் சேர்ந்து 40,200. அதாவது தொழிலாளி கூடுதலாக நிற்கிற ஒரு மணி நேரம் மில்லுக்கு 200 ரூபாய் கொண்டுவருகிறது. இந்த 200 ரூபாய் எந்தச் சம்பளப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் கணக்கைப் போட்டவனுக்கு அது தெரியும். ஓவர்டைம் வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948-ம் வருஷத்து ஃபாக்டரிச் சட்டம் விதித்தது. "இரட்டிப்புக் கட்டுப்படியாகாது" என்று மானேஜ்மெண்ட் பேச்சுவார்த்தை மேஜையில் சொல்லும்போது, எதிரே உட்கார்ந்திருக்கிற நம் பிரதிநிதிக்கு அந்த ஒரு மணியின் விலை தெரிந்திருக்க வேண்டாமா?

விலை பேசுகிறபோது ஒருவனுக்கு விலை தெரியும், மற்றவனுக்குத் தெரியாது என்றால் அது பேச்சுவார்த்தையாகாது.

இன்னொன்றையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில் எதை உச்சமாக்க வேண்டும் என்று கணிதம் சொல்வதில்லை. லாபத்தை உச்சமாக்கு என்று எழுதினால் அதற்கு விடை தரும். விபத்தைக் குறைத்துக் குறைத்துச் சிறியதாக்கு, கூலி இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று எழுதினால் அதற்கும் அதே முறை விடை தரும். கேள்வியின் முதல் வரியை எழுதுகிறவர் யார் என்பதுதான் பிரச்னை. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மஹலநோபிஸ் கணித மாதிரி அமைத்தபோது, ஒரு தேசம் எதை முதலில் வளர்ப்பது என்ற கேள்வியை எழுதிக்கொண்டுதான் விடை தேடினார். விடை சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் கேள்வியை லாபக் கணக்கு மட்டுமே எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

எழும் ஆட்சேபங்கள்

முதல் ஆட்சேபம்: "நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது." யார் சொன்னது? சரத்துக்கு எத்தனை வெடி, பெட்டிக்கு எத்தனை சரம், வாரத்துக்கு எத்தனை பெட்டி, கூலி எவ்வளவு, முன்பணத்துக்குப் பிடித்தது எவ்வளவு என்று காகிதமில்லாமல் சொல்கிற பெண்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். முந்திரி, காணி, மா என்று முந்நூற்று இருபதில் ஒரு பங்குவரை பெயர் வைத்து எண்ணிய மொழி நம் மொழி. களத்து மேட்டில் மரக்கால் எப்படிச் சாய்கிறது, எத்தனை படி குறைகிறது என்று எட்டி நின்றே சொல்கிற விவசாயத் தொழிலாளி கணக்குத் தெரியாதவனா? வராதது கணக்கு அல்ல. அதைச் சொல்லிக் கொடுக்கிற பாஷையும் உதாரணமும்தான் வரவில்லை.

புத்தகத்தைப் பாருங்கள். நிகழ்தகவு என்றால் நாணயம், பகடை, 52 சீட்டு. சீட்டுக்கட்டை வீட்டுக்குள் கண்டால் விளக்குமாற்றை எடுக்கிற தாயின் மகள், எத்தனை ராஜா, எத்தனை ராணி என்று முதலில் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. கணக்கு அதற்குப் பிறகுதான். பட்டாசு அறைகளையும் தறிகளையும் கண்மாய் மடைகளையும் வைத்து இதே கணக்கைக் கேட்டால் அவள் திணறுவாளா? பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்தவளிடம் திடீரென்று எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொட்டினால், அவள் தோற்பது கணக்கிலா, இங்கிலீஷிலா?

இரண்டாவது ஆட்சேபம்: "படித்தால் வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்வி. வேலை தருவது பாடப் புத்தகத்தின் கையில் இல்லை. அது வேறு போராட்டம். ஆனால் இந்தப் பாடம் பாக்கி விழுந்து பட்டம் நின்றுபோனால், கிடைக்கிற சின்ன வேலையும் கிடைக்காது. விடுமுறை நாளில் பட்டாசு வேலைக்குப் போய்க் கல்லூரிப் பணம் கட்டுகிற பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய படிப்பை ஒரு பரீட்சைக்குப் பயந்து கைவிடுவதா?

மூன்றாவது ஆட்சேபம் நம்முடைய ஆட்களே சொல்வது. "கணக்குப் படித்தவன் நம்மை விட்டுப் போவான். கணக்குப்பிள்ளையாகி எதிர்ப்பக்கம் உட்காருவான். போர்மேனாகி நம்மையே விரட்டுவான்." இதை வெறும் சந்தேகம் என்று தள்ள முடியாது, பண்ணையிலும் மில்லிலும் நம் ஜனங்கள் பார்த்துப் பார்த்து நொந்த விஷயம் இது. ஊரில் ஒருவனுக்கு மட்டும் கணக்குத் தெரிந்தால் அவனை விலைக்கு வாங்குவது சுலபம். ஊரே கணக்குத் தெரிந்ததானால் யாரை வாங்குவது? ஒருவன் படித்துப் போய்விட்டான் என்பதற்கு மருந்து, நூறு பேரைப் படிக்க வைப்பதுதான்.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: முதல் பரீட்சையில் கணக்கில் தவறிய பிள்ளையை வீட்டில் வையாதீர்கள். தவறியது ஒரு தாள், வாழ்க்கை அல்ல. அடுத்த பருவத்தில் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு: தொழிற்சங்க ஆபீசுகளிலும் விவசாயத் தொழிலாளர் சங்க இடங்களிலும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கணக்கு வகுப்பு நடத்த வேண்டும். கல்லூரியில் தேறிய பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொல்லித் தரட்டும். கூடவே தாயும் தகப்பனும் உட்காரட்டும். வீட்டில் உள்ள கடன் சீட்டும் சம்பளச் சீட்டும்தான் முதல் பாடப் புத்தகம்.

மூன்று: கல்லூரிகள் இந்தப் பாடத்தைத் தமிழிலும் விளக்க வேண்டும், தமிழில் பரீட்சை எழுத விரும்புகிறவர்களுக்குத் தடை இருக்கக் கூடாது. கலைச்சொல் இங்கிலீஷிலும் தெரிய வேண்டும் என்பது சரி. விஷயம் புரிந்த பிறகு சொல் தானே வரும்.

நான்கு: இந்த ஜில்லாவில் சொல்லித் தருகிற கணக்கு இந்த ஜில்லாவைப் பற்றியும் இருக்கட்டும். பட்டாசு அறைகளின் இடைவெளி, ஆள் எண்ணிக்கை, பீஸ் ரேட், தண்டல், மில் ஷிப்டு, இவற்றில் எத்தனை நல்ல கணக்குகள் கிடக்கின்றன! ஆசிரியர்களில் தொழிலாளர் வீட்டிலிருந்து வந்தவர்கள் பலர் உண்டு. அவர்கள் மனது வைத்தால் இதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

ஐந்து: ஆலை விபத்துகளின் விவரத்தை, தேதி, இடம், காரணம், அறையில் இருந்த ஆள் எண்ணிக்கை எல்லாவற்றோடும், சர்க்கார் ஒழுங்காகத் தொகுத்து ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எண் கையில் இருந்தால்தான் கணக்குப் போட முடியும். மேலே நாம் ஒரு கற்பனை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டோம். அந்த இடத்தில் உண்மை எண்ணை வைத்துப் போடும் உரிமை இந்த ஜனங்களுக்கு வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியவர்கள். நம் உழைப்பை நாம் அளக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம். வேறு யாரோ அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். வட்டியை அளக்கிறவர் அவர். ஆபத்தை அளக்கிறவர் அவர். மணி நேரத்தின் விலையை அளக்கிறவரும் அவர். அளவுகோல் ஒன்றும் மந்திரக்கோல் அல்ல. பஸ் ஏறிப் போகிற நம் பெண்ணின் பையில் அது இருக்கிறது. அதைத் திறக்கிற தைரியத்தை அவளுக்குக் கொடுப்பது நம் வேலை.